மிகுபுனைவு நாவல்கள் திரையில் ஏன் தடுமாறுகின்றன?

கேள்வி: பணத்துக்கும் கணினி வரைகலைக்கும் பஞ்சமில்லாத இந்தக் காலத்திலும், ஃபேன்டசி எனப்படும் மிகுபுனைவு நாவல்களைத் தழுவிய படங்கள் ஏன் பெரும்பாலும் எடுபடுவதில்லை?

பதில்: சிக்கல் பணத்திலோ வரைகலையிலோ இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மிகுபுனைவு நாவல் எதுவானாலும், தன் உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது, எதைச் செய்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதையெல்லாம் முதலில் நம் மனத்தில் பதிய வைத்தாக வேண்டும். அதற்கு நாவலாசிரியர் இருநூறு பக்கங்கள் எடுத்துக்கொள்ளலாம். நாமும் இரவுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்து அதில் ஊறிப்போவோம். படத்துக்கு அந்த அவகாசம் கிடையாது.

பிலிப் புல்மன் 1995-இல் வெளியிட்ட 'நார்தர்ன் லைட்ஸ்' நாவல், 2007-இல் 'தி கோல்டன் காம்பஸ்' என்ற படமாக வந்தது. அந்த உலகத்தில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் உடலுக்கு வெளியே, ஒரு விலங்கின் வடிவில் கூடவே நடமாடும். அதற்கு டீமன் என்று பெயர். பினாங்கில் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் இந்தப் படம் ஓடியபோது பெரியம்மாவும் உடன் உட்கார்ந்திருந்தார். டீமன் என்றால் என்ன என்பதைத் தொடக்கத்திலேயே ஒரு குரல் சொல்லிவிடுகிறது. அதைக் கீழே மலாய் வசன வரிகளிலும் அவர் படித்தார். ஆனாலும் பாதிப் படத்தில், "அந்தப் பிள்ளை வளர்க்கிற கீரியா அது?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு சிறுமியும் ஒரு விலங்கும்தான்.

நாவலில், டீமனை வெட்டிப் பிரித்த பின் கைவிடப்பட்ட ஒரு சிறுவன், அதற்குப் பதிலாக ஒரு கருவாட்டை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருப்பான். அவனைக் கண்டதும் கதாநாயகி லைராவுக்குக் குமட்டிக்கொண்டு வரும், ஓடிவிடலாம் போலிருக்கும். அதற்குள் டீமன் இல்லாத மனிதன் முகமில்லாத மனிதனைப் போன்றவன் என்ற உணர்வு நமக்குள்ளும் ஊறியிருப்பதால் நமக்கும் உடல் நடுங்கும். படத்தில் பார்ப்பவருக்கு அவன்மீது இரக்கம் வரலாம், அந்த நடுக்கம் வராது. இத்தனைக்கும் காட்சி வரைகலைக்கான ஆஸ்கார் விருதை வாங்கிய படம் இது. நாவலின் இருண்ட கடைசி அத்தியாயங்களை அடுத்த பாகத்துக்கென்று ஒதுக்கி வைத்தார்கள். அடுத்த பாகம் வரவே இல்லை.

இதே பெரியம்மா 1957-இல் வந்த 'மாயாபஜார்' படத்தை எத்தனை முறை போட்டாலும் பார்ப்பார். கடோத்கஜனாக வரும் ரங்காராவின் வாய்க்குள் லட்டுகள் தாமாகப் பறந்து போய் விழும்போது, அது எப்படிச் சாத்தியம் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அவன் வீமன் மகன், அரக்கி வயிற்றில் பிறந்தவன், மாயம் தெரிந்தவன் என்பதெல்லாம் படம் தொடங்குமுன்பே அவருக்குத் தெரியும். வியாசர் பாரதத்தில் அந்தக் கல்யாணக் கதையே இல்லை என்பது வேறு விஷயம்; கதை புதிதாக இருந்தாலும் அதன் விதிகள் பழகியவை. புராணப் படங்களுக்கு வாய்த்த இந்த வசதி, ஒருவர் தனியாக உட்கார்ந்து உருவாக்கிய உலகத்துக்கு வாய்ப்பதில்லை. (பொன்னியின் செல்வனை இங்கே யாரும் இழுக்க வேண்டாம். அது வரலாற்றுப் புனைவு. சோழ நாட்டிலும் மாங்காய் கீழ்நோக்கித்தான் விழும்.)

டோல்கீனின் நாவலைத் தழுவி இயக்குநர் பீட்டர் ஜாக்சன் எடுத்த 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' வென்றதற்கு, விதிகளைச் சொல்லாமல் காட்டியதே முக்கியக் காரணம் என்பேன். நாவலின் இரண்டாம் அத்தியாயத்தில் மந்திரவாதி காண்டால்ஃப், வைத்திருப்பவரையே அடிமையாக்கும் மாய மோதிரத்தின் வரலாற்றைப் பக்கம் பக்கமாக விளக்குவார். 2001-இல் வந்த முதல் படத்திலும் முன்கதை உண்டு, ஆனால் மனத்தில் நிற்பது வேறொரு காட்சி. அந்த மோதிரத்தை நெடுநாள் வைத்திருந்த பில்போ, வீட்டை விட்டுப் புறப்படும்போது விட மனமின்றி உள்ளங்கையைச் சாய்க்க, மோதிரம் தரையில் விழுகிறது. அத்தனை சிறிய பொருள் துள்ளவில்லை, உருளவில்லை. இரும்புக் குண்டுபோல் 'தொம்'மென்று விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. பிறகு அதை எடுக்கக் குனியும் காண்டால்ஃப், தொட்டதும் கையை இழுத்துக்கொள்கிறார். அது எவ்வளவு பொல்லாதது என்பதை இதற்குமேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. மோதிரத்துக்குக் கட்டுப்படாத டாம் பாம்படில் என்ற பாத்திரத்தைப் படத்தில் சேர்க்காததும் சரியான முடிவுதான். அப்போதுதான் கற்ற விதியை அவர் வந்து குழப்பியிருப்பார்.

நேரம் கூடுதலாகக் கிடைத்தால் போதுமே என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. அதே ஜாக்சன், டோல்கீனின் 'தி ஹாபிட்' என்ற சிறிய நாவலை 2012 முதல் 2014 வரை மூன்று படங்களாக, ஏறத்தாழ எட்டு மணி நேரத்துக்கு எடுத்தார். போர்க்களங்கள் நீண்டன, நாவலில் இல்லாத காதல் ஒன்றும் முளைத்தது. சிறுவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சீண்டிக்கொண்டே கதை சொல்லும் அந்த நாவலாசிரியரின் குரலுக்கு மட்டும் அந்த எட்டு மணி நேரத்தில் இடம் கிடைக்கவில்லை.