ஊரிடம் கூலி கேட்பது

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு தோழிகளும் வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் பொம்மைகளையும் பாட்டையும் வைத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறோம். இதையே தொழிலாக நடத்த ஆசை. ஆனால் ஊரில் காசு கேட்டால், “நம்ம பொண்ணுதானே, சும்மா சொல்லிட்டுப் போயேன்” என்கிறார்கள். இதற்கிடையில் ஒரு நிறுவனம் ஆசிரியர்களுக்குக் கதைசொல்லப் பயிற்சி தரச் சொல்கிறது. எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்துவிட்டால் பிறகு எங்களை யார் கூப்பிடுவார்கள்? என்ன செய்யலாம்?

க., வந்தவாசி

அன்புள்ள க.,

உங்கள் இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் பகுதியிலேயே பழைய பதில் இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைக்கும் ஊர்களைப் பாருங்கள். பத்து நாளோ இருபது நாளோ, பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் சொல்கிறார், இரவில் அதே கதையை ஜமா, அதாவது கூத்துக் குழு, தெருக்கூத்தாக ஆடுகிறது. செலவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுகிறார்கள். கூலி வாங்கி ஆடுவதால் பக்தி குறைந்துபோயிற்று என்று அங்கே யாரும் சொல்வதில்லை. வரி கொடுத்த வீட்டுக்காரருக்குக் கூத்தின் மேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது. ‘அர்ச்சுனன் தபசு’ கூத்தில் அர்ச்சுனன் வேஷக்காரர் மரம் ஏறும்போது இரண்டு பாட்டை விட்டுவிட்டால் மறுநாள் காலையில் டீக்கடையில் கேட்டுவிடுவார். இலவசமாகச் சொன்ன கதையை யாரும் அப்படிக் கண்டிப்பதில்லை. கண்டிக்க ஆளில்லாத கலை சீக்கிரம் சோம்பிவிடும் என்பதே என் எண்ணம்.

ஆகவே கேளுங்கள். தொகை சிறியதாக இருக்கட்டும், ஆனால் முன்கூட்டியே பேசி எழுதி வைத்துவிடுங்கள். போக்குவரத்தையும் சாப்பாட்டையும் தனியாகச் சொல்லுங்கள். நிறுவனத்தின் பணத்தை மட்டும் நம்பி நடத்தினால், அது நின்ற மாதமே நீங்களும் நிற்பீர்கள். கோயில் குழு, நூலகம், பெற்றோர் என்று ஊரிலிருந்து வரும் சின்னத் தொகைகள்தான் உங்களை அந்த ஊரோடு கட்டிவைக்கும்.

கூத்திலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத ஒன்றும் உண்டு. பருவம் தொடங்கும் முன் நடிகர் ஜமா உரிமையாளரிடம் முன்பணம் வாங்கிவிடுகிறார். பிறகு எத்தனை மனக்கசப்பு வந்தாலும் அதைக் கழிக்காமல் வேறு ஜமாவுக்குப் போக முடியாது. நாளைக்கு உங்களிடம் வேலைக்கு வரும் பிள்ளைகளை அப்படிக் கடனில் கட்டிவைக்காதீர்கள். நிகழ்ச்சி முடிந்த அன்றே கணக்கைப் பிரித்துக் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து, கற்றுக்கொடுப்பதில் உங்களுக்குள்ள பயம். ஜமாவுக்கு வரும் பையன் பின்பாட்டுப் பாடிப் பாடியே எல்லோருடைய பாட்டையும் தெரிந்துகொள்கிறான். ஒரு நாள் துரியோதனனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் வேஷம் கட்டிவிடுகிறார், ஒப்புக்கொண்ட இரவு நிற்பதில்லை. கற்றவர்களில் சிலர் பிரிந்துபோய்த் தனி ஜமா தொடங்குவதும் உண்டுதான். செய்யாறு, காஞ்சிபுரம், வந்தவாசி வட்டாரத்தில் இத்தனை ஜமாக்கள் இருப்பதால்தான் கூத்தை நின்று பார்த்து நல்லது கெட்டது சொல்லத் தெரிந்த கூட்டமும் இருக்கிறது.

புரிசை ஊரின் கூத்துக் கலைஞர் கண்ணப்பத் தம்பிரான் சென்னை நடிகர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். எழுத்தாளர் ந. முத்துசாமி 1977-இல் தொடங்கிய கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்கு அந்த உறவு எவ்வளவு முக்கியம் என்பது நாடகக்காரர்களுக்குத் தெரியும். இன்று தம்பிரான் நினைவாக நடக்கும் கூத்து விழாவுக்கு நகரத்திலிருந்து ஆட்கள் புரிசைக்குப் போகிறார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகே, கூத்துக் கலைஞர்களின் அமைப்பான கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் சொல்லிக்கொடுத்தார்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆண்களே பெண் வேஷம் கட்டிவந்த கலை இது. அங்கே படித்த பெண் ஒருவர் பெண்களை வைத்தே குழு நடத்தியிருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

பயிற்சியில் உங்கள் கதைகளை மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். கூத்தில் கதையை நடத்திச் செல்லும் கட்டியங்காரனின் வேலையைக் கற்றுக்கொடுங்கள்: வருகிறவரை எப்படி அறிமுகம் செய்வது, எந்த இடத்தில் கதையை நிறுத்திக் கேள்வி கேட்பது, சிதறிய கூட்டத்தை எப்படித் திருப்பிக் கொண்டுவருவது. பிறகு ஒவ்வோர் ஆசிரியரையும் தன் ஊர் ஏரியைப் பற்றியோ ஐயனாரைப் பற்றியோ ஒரு கதை கேட்டுவரச் சொல்லுங்கள். கதை கொடுத்த பெரியவரின் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும், அவருக்கும் ஒரு தொகை போக வேண்டும். “இதை வெளியில் சொல்லாதே” என்று அவர் ஒதுக்கும் பகுதியைத் தொடவே கூடாது. ஆளுக்கொரு ஊர்க்கதை கையில் இருக்கும்போது உங்களோடு போட்டி போட அவர்களுக்கு என்ன தேவை?

பயிற்சியை மழைக்காலத்தில் வைத்துக்கொள்ள முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுப் பாருங்கள். கூத்துப் பருவம் முடிந்து கலைஞர்கள் வருமானமில்லாமல் வீட்டில் இருக்கும் மாதங்கள் அவை. கட்டியங்காரன் வேஷம் கட்டும் ஒருவரை ஆசிரியராகவே அழையுங்கள். அவருக்கான சம்பளம் உங்களுடையதைவிடக் குறையாமல் இருக்கட்டும், அதை நிறுவனத்துக்கு அனுப்பும் மதிப்பீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

அன்புடன்.