அமெரிக்காவில் அந்தக் காலம் நிஜமாகவே பாதுகாப்பாக இருந்ததா?

"கதவைப் பூட்டாமல் தூங்கினோம், இப்போது எங்கும் துப்பாக்கியும் போதைப்பொருளும்" என்று அமெரிக்கப் பெரியவர்கள் சொல்வது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். எந்தக் காலத்தைச் சொல்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.

1950களைச் சொன்னால் ஓரளவு சரி. ஆனால் அப்போது துப்பாக்கி வாங்குவது இன்றைவிட எளிது. தபாலில் ஆர்டர் போட்டால் போதும். 1963-இல் அதிபர் கென்னடியைச் சுட்ட துப்பாக்கியே அப்படி வந்ததுதான். 1968 சட்டம்தான் அதைத் தடுத்தது. வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்கும் பிரேடி சட்டம் 1993-இல் வந்தது.

1980களைச் சொன்னால் கதை வேறு. 1980-இல் கொலை விகிதம் லட்சம் பேருக்குப் பத்துக்கும் மேல். அப்புறம் கிராக் வந்தது, அதாவது புகைக்கும் வகைக் கொக்கெய்ன். தெருமுனை வியாபாரத்தில் தகராறு என்றால் போலீசிடம் போக முடியாது, அதனால் விற்பவர்கள் கைத்துப்பாக்கி வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குப் பயந்து மற்ற பையன்களும். 1990-இல் நியூயார்க் நகரில் மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட கொலைகள். 2018-இல் அது 300-க்கும் கீழே. ஏன் குறைந்தது என்று ஆய்வாளர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். 2020-இல் நாடு முழுக்கக் கொலைகள் திடீரென்று ஏறி, பிறகு இறங்கின.

போதை விஷயத்தில் பெரியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஃபென்டனில் என்ற வீரியமான செயற்கைப் போதைமருந்து பரவிய பிறகு, 2021-இல் மட்டும் அளவு மீறிய போதையால் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கிராக் காலத்தில்கூட இவ்வளவு சாவு இல்லை. இது தெருச் சண்டையில் வரும் சாவும் இல்லை. பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடப்பது. துப்பாக்கிச் சாவுகளிலும் பாதிக்கு மேல் தற்கொலைதான், அதற்குப் பூட்டிய கதவு என்ன செய்யும்?