சுவிட்சை அணைத்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரிவது ஏன்?

சுவிட்சில் சிறிய இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும் மின்சாரமே காரணமாக இருக்கலாம், அதில் ஆபத்தில்லை. அது இல்லையென்றால், பழைய வீடுகளில் நான் முதலில் சந்தேகிப்பது சுவிட்சைத்தான். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியைத் துண்டிக்க வேண்டிய சுவிட்சை, மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பியில் போட்டிருப்பார்கள். குண்டு பல்பு இருந்தவரை இந்தக் கோளாறு வெளியே தெரியாது. எல்இடி சொற்பக் கசிவுக்கே மினுங்கும்.

சுவிட்சை அணைத்து, பல்பைக் கழற்றி, செருப்பணிந்த காலோடு ஹோல்டரின் இரு முனைகளிலும் டெஸ்டரை வையுங்கள். ஒன்றில் டெஸ்டர் விளக்கு பளிச்சென்று எரிந்தால், 230 வோல்ட் அங்கேயே நிற்கிறது என்று பொருள். பல்பு மாற்றுகிறவருக்கு ஷாக் அடிக்கலாம்.

சிவப்பு ஃபேஸ், கருப்பு நியூட்ரல் என்ற வழக்கத்தைப் பழைய கம்பிகளில் நம்பாதீர்கள். எல்லா சுவிட்சிலும் இதே நிலை என்றால் மெயின் போர்டிலேயே கம்பிகள் இடம் மாறியிருக்கலாம். அதை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.