ஆல்புமினை விடுங்கள், தட்டைப் பாருங்கள்

பக்கவாதம் வந்து 9 நாள், ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் நார்மல், அதனால் சத்துக் குறைவில்லை என்கிறார்கள், ஆனால் அப்பாவின் வாட்ச் மணிக்கட்டில் தொளதொளவென்று சுற்றுகிறது என்று கேட்டிருந்தீர்கள். வாட்ச் சொல்வதைத்தான் நான் நம்புவேன். ஆல்புமினின் அரை ஆயுள் (இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம்) சுமார் 20 நாள், ஒரு வாரப் பட்டினியை அது காட்டாது. போதாததற்கு காய்ச்சல், தொற்று வந்தால் நன்றாகச் சாப்பிடுகிறவருக்கும் இறங்கிவிடும்.

எடை பார்த்தார்களா? நிற்க முடியாதவர் என்று விட்டிருப்பார்கள். சரி, டெய்லர் டேப் எடுத்து செயலிழக்காத மேற்கையின் சுற்றளவை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே அளந்து பாருங்கள், 23.5 செ.மீ.க்குக் கீழே என்றால் பி.எம்.ஐ. (உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு) 20-க்குக் குறைவாக இருக்க வாய்ப்பு அதிகம். டயட்டீஷியனிடம் 'மஸ்ட்' (MUST, சத்துக் குறைவு அபாயத்தைக் கணக்கிடும் முறை) ஸ்கோர் போட்டீர்களா என்று நேராகவே கேளுங்கள், அதை வாரம் ஒருமுறை திரும்பப் போடவேண்டும்.

அப்புறம், இடது பக்கம் விழுந்தது என்றீர்களே, இடப்பக்கம் இருப்பதே கவனத்தில் படாமல் தட்டின் இடது பாதி அப்படியே மிச்சமாகிறதா? என் மாமியாருக்கு அப்படித்தான், வலப்பக்க இட்லியை மட்டும் தின்றுவிட்டு முடிந்தது என்பார், சார்ட்டில் 'சாப்பிட்டார்' என்று எழுதிவிடுவார்கள்! தட்டைத் திருப்பி வைத்ததும் மீதியையும் சாப்பிட்டார்.

தண்ணீர் குடித்ததும் குரல் கரகரத்தால் வாய்வழி எதுவும் கொடுக்காமல் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். இருமல் வராமலே தண்ணீரோ உணவோ நுரையீரலுக்குள் போவதுண்டு.