நாலு கார்டு பாட்டுன்னா கேவலமா?

அக்கா, கிட்டார் கத்துக்கறேன். மலாய், இந்தோனேசியா பாட்டுக்கெல்லாம் கார்ட்ஸ் (ஒண்ணா சேத்து மீட்டற சுரக் கூட்டு) நெட்ல தேடி வாசிக்கிறேன். எதத் தொறந்தாலும் சி, ஜி, ஏ மைனர், எஃப் தான். இந்தோனேசியாவோட டங்டுட் இசை அதவிட மோசம், ரெண்டு மூணு கார்டுல முடிஞ்சிடுது. சரக்கில்லாத இசைன்னு தோணுது. ஒரிஜினல் ஸ்கேல்லயே வாசிக்கணுமா, சுதிய ஏத்த கிட்டார் கழுத்துல மாட்டற கிளிப், அதான் கேப்போ, போட்டுக்கலாமா?
- ஒரு வாசகர், கிள்ளான்

தம்பி,

கேப்போ தாராளமா போடுங்க, உங்க தொண்டைக்கு எது ஒத்துவருதோ அதுல பாடுங்க, அதுல பேச ஒண்ணுமில்ல. ஆனா 'சரக்கில்லாத'ன்னு எழுதினீங்க பாருங்க, அது மனசுல தச்சிருச்சு. கொஞ்ச நாளா நான் டங்டுட் பாடகர் ரோமா இராமா, அவரோட சொனேத்தா குழுவோட பாடின பழைய பாட்டுங்களத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டிருக்கேன். கார்டு எண்ணிப் பாத்து பாட்டுக்கு மார்க் போடறத யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா? நம்ம ராகத்துல கார்டே கெடையாது, அப்ப அதுவும் சரக்கில்லாததா?

டங்டுட்ல உயிர் இருக்கறது கெண்டாங்லயும் குரல்லயும். கெண்டாங்குங்கறது தபேலா மாதிரி ஜோடி, பெரிய முகத்துல உள்ளங்கையோட அடிப்பகுதிய அழுத்தித் தள்றப்ப சுதி வழுக்கிட்டுப் போகும், அந்த 'டுட்' நாலாவது தட்டுல விழும், ஒடனே அடுத்த சுத்தோட மொத தட்டுல 'டங்'. அதுக்கு மேல பாடறவங்க செங்கோக் போடுவாங்க, நம்ம கமகம் மாதிரி, ஒரே எழுத்த வளைச்சு நெளிச்சு எறக்குவாங்க. கார்டு ஒரே எடத்துல ரொம்ப நேரம் நின்னாத்தான் அந்தக் குரலுக்கு எடம் கெடைக்கும். தட்டுக்குத் தட்டு கார்டு மாத்துனா செங்கோக் எங்க நிக்கும்? இதுல எது தம்பி உங்க ஸ்கிரீன்ல தெரியுது?

1989ல 'சர்ச்'ங்கற மலேசிய ராக் குரூப்போட 'இசபெல்லா' பாட்டு வந்தப்ப எங்க ஃபிளாட்டு கீழ ஒரு மலாய்க்கார அபாங் (அண்ணன்) தெனமும் கிட்டாரோட லெபாக் அடிப்பாரு, அதாவது சும்மா உக்காந்து பொழுது போக்குவாரு. கேசட்ட நிறுத்தி நிறுத்தி காதாலயே கார்டு கண்டுபிடிச்சு, ஸ்கூல் நோட்டுல பாட்டு வரிக்கு மேல எழுதி வச்சுக்குவாரு, தப்பா இருந்தா சுத்தி உக்காந்து பாடற பசங்க, மலாய் சீனம் தமிழ் எல்லாந்தான், மூஞ்சிய சுளிப்பாங்க, அவரும் அழிச்சிட்டு வேற எழுதுவாரு. நீங்க என்னடான்னா ஸ்கிரீன் தானா ஓடுது, அதுக்குப் பின்னாடியே விரல் ஓடுது, காது சும்மா கெடக்கு. மலாய் சினிமாவோட பெரிய பாடகர் பி. ரம்லி பாட்டுக்கு நெட்ல 'ஈஸி கார்ட்ஸ்'னு போடறவங்க நடுவுல வர்ற நுணுக்கமான கார்டயெல்லாம் தூக்கிடறாங்க, அத வாசிச்சிட்டு ரம்லியும் நாலு கார்டுதான்னு எழுதிடாதீங்க, எனக்குத் தாங்காது.

எளிமையான பாட்டுன்னா எளக்காரமா? 1965ல இந்தோனேசியாவுல கூஸ் பெர்சவுடாராங்கற பாட்டுக் குழு அண்ணன் தம்பிங்கள, பீட்டில்ஸ் பாட்டு வாசிச்ச குத்தத்துக்கு, சுகர்னோ அரசாங்கம் ஜகார்த்தாவுல குளோடோக் ஜெயில்ல மூணு மாசம் போட்டுச்சு. அவங்கதான் அப்புறம் கூஸ் பிளஸ்ங்கற குழுவா வந்து, கிட்டார் பிடிக்கத் தெரிஞ்ச யாரும் வாசிக்கற மாதிரி பாட்டு பாட்டா போட்டாங்க. பஸ்ல ஏறிப் பாடற பெங்காமென் பசங்க கைக்கும் அது வந்துச்சு.

ஆர்வமா கத்துக்கறீங்க, அது சந்தோஷம். இந்த வாரம் கிட்டார ஓரமா வச்சிட்டு ரோமாவோட 'பெகாடாங்' பாட்டு மட்டும் போட்டு, அந்த 'டுட்' எங்கெங்க விழுதுன்னு தொடையில தட்டிப் பாருங்க. கையில வந்ததும் எழுதுங்க.