மாமியிடம் கேட்டீர்களா?

கேள்வி: அக்கா, நாங்கள் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடியில், மூன்றாம் மாடியில் இருக்கிறோம். நானும் கணவரும் வேலைக்குப் போகிறோம். மகளுக்கு 10 வயது, மகனுக்கு 5. மாமியும் எங்களோடுதான். கணவரின் சிநேகிதர் குடும்பத்தோடு மெல்பேர்ண் போகிறார். அவர்களிடம் இரண்டரை வயதில் ஒரு டாஷண்ட் நாய் இருக்கிறது, பெயர் கோக்கோ. கொண்டுபோக வழியில்லையாம், எங்களை எடுக்கச் சொல்கிறார்கள். மகளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை, எந்த நேரமும் கோக்கோ கதைதான். சின்ன நாய்தானே, பிளாட்டுக்குச் சரிவரும் என்கிறார் கணவர். மாமி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் யோசனை. எடுக்கலாமா? மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும்.
– பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். நாயைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், மகளின் ஆசையை எழுதியிருக்கிறீர்கள், கணவர் சொன்னதையும் எழுதியிருக்கிறீர்கள். என் கண் போய் நின்றது ‘மாமி ஒன்றும் சொல்லவில்லை’ என்ற இடத்தில்தான். காலையில் நீங்கள் எல்லோரும் இறங்கிப் போனால், மகள் பள்ளிக்கூடத்தால் வரும்வரைக்கும் அந்த வீட்டில் கோக்கோவோடு இருக்கப் போகிறவர் மாமி. டாஷண்ட் தனக்கென்று ஓர் ஆளைப் பிடித்துக்கொள்ளும் இனம். பகல் முழுக்க யார் பக்கத்தில் இருக்கிறாரோ அவருடைய கால் மாட்டில்தான் அது படுக்கும். பெயருக்கு மகளின் நாய் என்றாலும் அது மாமியின் நாயாகத்தான் இருக்கும். அதனால் முதலில் அவரிடம் கேளுங்கள். வாசலில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டே கேட்கிற கேள்வி அல்ல இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, பக்கத்தில் இருந்து ஆறுதலாகக் கதையுங்கள். அப்போது என்னென்ன சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

சின்ன நாய்தானே என்று உங்கள் கணவர் சொல்வது உருவத்துக்குச் சரி, குணத்துக்குச் சரிவராது. ஜேர்மன் மொழியில் ‘டாக்ஸ்’ என்றால் தரைக்கரடி, அதாவது வளை தோண்டி வாழ்கிற ‘பாட்ஜர்’, ‘ஹுண்ட்’ என்றால் நாய். கூரிய நகமும் பல்லும் உள்ள ஒரு மிருகத்தை அதன் வளைக்குள்ளேயே போய் எதிர்கொள்வதற்கு ஜேர்மனியின் வேட்டைக்காரர்கள் உண்டாக்கிய இனம் இது. வளைக்குள் நுழையக் கால் குட்டையானது. நிலத்துக்கு மேலே நிற்கிறவனுக்கு நாய் எந்த இடத்தில் இருக்கிறதென்று தெரிவதற்காகக் குரல் கனத்தது. இருட்டில், யாரும் சொல்லிக்கொடுக்க ஆளில்லாத இடத்தில், தானே முடிவெடுக்கிற பிடிவாதமும் கூட வந்தது. கூப்பிட்டவுடன் ஓடி வராவிட்டால் புத்தி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், கேட்டுவிட்டு யோசித்துக்கொண்டிருக்கும். (மகளுக்கு ஒன்று சொல்லுங்கள்: 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமே ஒரு டாஷண்ட்தான், பெயர் வால்டி. ஒலிம்பிக்கின் முதல் அதிகாரபூர்வச் சின்னம் அது.)

அந்தக் குட்டைக் காலுக்கு நாய் கொடுக்கிற விலை முதுகு. காலைக் குட்டையாக்கிய அதே பரம்பரைக் கோளாறு, முள்ளெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கிற தட்டையும் இளம் வயதிலேயே காய்ந்து இறுகப் பண்ணிவிடுகிறது. டிஸ்க் என்கிறோமே, அதுதான். ஒருநாள் அது பிதுங்கி, முதுகெலும்புக்குள் ஓடுகிற முண்ணாண் நரம்பை நெரித்தால் பின்னங்கால் இரண்டும் விழுந்துவிடலாம். ஏறத்தாழ நான்கு டாஷண்டில் ஒன்றுக்கு வாழ்நாளில் இந்தத் தொல்லை வருகிறது, கூடுதலாக மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில். கோக்கோ அந்த வயதுக்குள் இப்போதுதான் காலடி வைக்கப் போகிறது.

எங்களிடம் இருந்த டாஷண்ட் டிக்கிக்கு அது வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. தெஹிவளை வீட்டில், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலை. கட்டிலுக்குக் கீழே இருந்து வெளியே வரமாட்டேன் என்றான். முதுகை வில்லுப்போல் வளைத்துக்கொண்டு நின்றான், உடம்பு நடுங்கியது. தூக்கினேன், வீரிட்டுக் கத்தினான். குளிர் பிடித்துவிட்டது என்று நினைத்துத் துவாயைச் சூடாக்கிச் சுற்றிவிட்டேன். அடுத்த நாள் விடிய, சீமெந்துத் தரையில் ‘கிறீச், கிறீச்’ என்று ஒரு சத்தம். அவன் நடக்கும்போது பின்னங்கால் விரல்கள் மடிந்து, நகத்தின் மேற்பக்கம் தரையில் உரசுகிற சத்தம் அது. இன்றைக்கும் எனக்கு அந்தச் சத்தம் காதில் இருக்கிறது. ஒரு முழு நாளை வீணாக்கிவிட்டேன். சத்திரசிகிச்சை இல்லாமலே தப்பினான், ஆனால் ஆறு கிழமை கூட்டுக்குள். சாப்பிட, மலசலம் கழிக்க மட்டும் தூக்கிக்கொண்டு போய் வந்தோம். பிறகு பதினான்கு வயதுவரை இருந்தான், இடது பின்னங்கால் மட்டும் கடைசிவரை கொஞ்சம் ஆடியது.

இதை மாமிக்கும் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள். நாய் கதிரையில் ஏறத் தயங்கினால், முதுகை வளைத்து நின்றால், தொட்டால் கத்தினால், அன்றைக்கே மிருக வைத்தியரிடம் போக வேண்டும். சந்தேகம் இருந்தால் நாயை மெதுவாக நிற்கவைத்து, பின்னங்கால் பாதத்தை மட்டும் திருப்பி அதன் மேற்பக்கம் தரையில் படும்படி வையுங்கள். நலமான நாய் உடனே பாதத்தைச் சரியாகத் திருப்பி வைக்கும். அப்படியே விட்டுக்கொண்டு நின்றால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. பின்னங்காலில் நோவே தெரியாமல் போய்விட்டால் சத்திரசிகிச்சைக்கு இருக்கிற அவகாசம் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு. போகிற வழியில் பனடோல் பாதி கொடுத்துப் பார்ப்போம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். நாய்க்கு எங்களுடைய நோ மாத்திரைகள் நஞ்சாக முடியலாம்.

வராமல் தடுக்க முழு உத்தரவாதம் இல்லை, குறைக்க வழி இருக்கிறது. வழுக்கும் மாபிள் தரை என்றால் அது ஓடித் திரிகிற பாதையில் பாய் விரியுங்கள். செற்றிக்கும் கட்டிலுக்கும் தச்சரிடம் சொல்லிச் சாய்வுப் பலகை செய்வித்து, மேலே தும்புக் கால்மிதியை ஆணியடித்துவிடுங்கள். செற்றி ஒன்றரை அடி உயரமென்றால் பலகை ஐந்து அடியாவது இருக்கட்டும், செங்குத்தாக இருந்தால் ஏறாது, பக்கத்தால் குதிக்கும். கழுத்துப் பட்டியில் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டாம், நெஞ்சோடு சுற்றிப் போடுகிற ஹார்னஸ் வாங்குங்கள். லிஃப்ட் வேலை செய்யாத நாளில் மூன்று மாடியும் தூக்கித்தான் இறக்க வேண்டும், ஏற்ற வேண்டும். மாமி தனியே இருக்கும்போது அப்படி நடந்தால் என்ன செய்வது என்று இப்போதே யோசியுங்கள். பல்கனியில் பழைய பேப்பரோ புல்லுத் தட்டோ வைத்துப் பழக்கிவிட்டால் அவர் இறங்கத் தேவையில்லை.

தூக்குகிற விதத்தைத்தான் வீட்டில் எல்லோரும் பழக வேண்டும். ஒரு கை முன்னங்கால்களுக்குப் பின்னால் நெஞ்சுக்குக் கீழே, மற்றக் கை பின்பக்கத்துக்குக் கீழே, முதுகு மேசைபோல் நேராக. அக்குளில் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்கினால் அந்த நீண்ட உடம்பின் பாரம் முழுக்க நடு முதுகில் தொங்கும். உங்கள் 10 வயது மகளுக்கு இதை ஒரு பின்னேரத்தில் பழக்கிவிடலாம். 5 வயது மகன் தூக்கவே கூடாது. நிலத்தில் பாயில் இருத்தி, நாய் தானாக மடிக்கு வரட்டும். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாயின் முதுகுக்காக மட்டும் இல்லை, பிள்ளையின் கைக்காகவும்தான். அமெரிக்காவில் நாய் வளர்ப்போரிடம் விவரம் திரட்டி 2008இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்களைக் கடிக்க முனையும் இனங்களின் முன்வரிசையில் டாஷண்டும் இருந்தது. சின்ன வாய் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. சாப்பிடும்போதும் தூங்கும்போதும் போர்வைக்குள் புகுந்திருக்கும்போதும் அதைத் தொடக் கூடாது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுங்கள். உறுமினால் அடிக்காதீர்கள். உறுமல் அதன் எச்சரிக்கை. அதை அடித்து அடக்கினால் அடுத்த முறை சத்தமில்லாமல் கடிக்கும். கீறினாலும் கடித்தாலும், தடுப்பூசி போட்ட நாய் என்றாலும், சவர்க்காரமும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி இன்னும் இந்த நாட்டை விட்டுப் போகவில்லை.

மாமியைப் பொறுத்தவரை நான் பயப்படுவது வேறு. இது காலுக்குள் வந்து நிற்கிற நாய், நிலத்தோடு நிலமாக இருப்பதால் குசினியில் திரும்பும்போது கண்ணுக்குத் தெரியாது. அந்த வயதில் ஒரு தடக்கல் போதும், இடுப்பு முறிய. கோக்கோவின் கழுத்தில் ஒரு சின்னச் சலங்கை மணியைக் கட்டிவிடுங்கள், எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருக்கும். சாமி அறைக்குள் நாய் போவது மாமிக்கு மனத்தாங்கலாக இருந்தால், அதை அவர் வாய்விட்டுச் சொல்லுமுன் நீங்களே வாசலில் இரண்டடி உயரத்தில் ஒரு பலகைத் தடுப்புப் போட்டுக் கொடுங்கள். அந்த ஒரு வேலை பத்துச் சமாதானத்துக்குச் சமம்.

குரைப்பு இருக்கும். லிஃப்ட் கதவு திறந்தால், பக்கத்து வீட்டு மணி அடித்தால், கீழே பாண் ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தால், கரையோர ரயில் கூவினால் குரைக்கும். டிக்கி பாண் ஓட்டோவின் பாட்டுக்குத் தலையைத் தூக்கி ஊளையிடாத நாள் இல்லை. நீங்கள் சத்தம் போட்டு அடக்கினால் நீங்களும் சேர்ந்து குரைக்கிறீர்கள் என்று அது எடுத்துக்கொள்ளும். பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வாயை மூடி வந்தவுடன் ஒரு துண்டு அவித்த கோழி. அதை நாளுக்குப் பத்துத் தரம், பொறுமையாக, பல கிழமை செய்ய வேண்டியிருக்கும். பகலில் செய்யப் போகிறவர் மறுபடியும் மாமிதான். தொடர்மாடி நிருவாகக் குழுவில் செல்லப் பிராணிக்கு அனுமதி உண்டா என்பதையும் நாய் வருமுன் எழுத்தில் வாங்கிவையுங்கள்.

சாப்பாட்டை அதிகம் நீட்டவில்லை. அன்பைச் சோற்றில் காட்டுகிற வீடுகள் எங்களுடையவை, டாஷண்டுக்கு அதுதான் ஆபத்து. கோக்கோ 5 கிலோ என்று வையுங்கள், அரைக் கிலோ ஏறினால் 60 கிலோ ஆள் 6 கிலோ ஏறியதற்குச் சமம், அவ்வளவும் அந்த முதுகில்தான். விலாவைத் தடவினால் எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும். எங்கள் கறி, சொதி, சம்பல் எல்லாவற்றிலும் வெங்காயம் இருக்கிறது, அது நாய்க்கு ஆகாது. சொக்லேட்டும் ஆகாது. முந்திரிகை வற்றல், நாங்கள் பிளம்ஸ் என்பது, சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். தைப்பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலும் நத்தாருக்குக் கேக்கும் வாயில் வைக்க வேண்டாம் என்று மாமியிடம் கையைப் பிடித்துச் சொல்லுங்கள். மழைக்காலத்தில் வயிறு தண்ணீரில் தோயாமல் நடக்க அதனால் முடியாது, வெள்ளத்தில் எலிக்காய்ச்சல் பயம் இருப்பதால் அதற்கான தடுப்பூசியும் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வந்தவுடன் துடைத்து, காது மடலுக்குள்ளும் விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள்.

இவ்வளவையும் கேட்டபிறகு மாமி ‘உங்கள் விருப்பம்’ என்று சொன்னால், அதை ஓம் என்று எடுக்காதீர்கள். அப்படியென்றால் கோக்கோவுக்குத் தெஹிவளையிலோ மொரட்டுவையிலோ மேல்மாடி ஏறத் தேவையில்லாத ஒரு வீடு தேடிக் கொடுக்கச் சொல்லி அந்தச் சிநேகிதரிடம் இன்றைக்கே சொல்வதுதான் நியாயம். மகள் அழுவாள், சில நாளில் தேறிவிடுவாள். ஆனால் மாமி ‘இரவில் எங்கே படுக்கும்?’ என்றோ ‘மீன் தின்னுமா?’ என்றோ திருப்பிக் கேட்டாரென்றால், தங்கச்சி, யோசிக்காமல் எடுங்கள். பகலில் பேச்சுத் துணைக்கு ஆளில்லாத ஒருவருக்கு இதைவிட நல்ல சிநேகிதம் கிடைப்பது கடினம். மத்தியானத் தூக்கத்தில் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு கிடக்கிற அந்தச் சூட்டை நான் பதினான்கு வருடம் அனுபவித்தவள். பின்னேரம் வெயில் தாழ மகள் அதை மரைன் டிரைவ் பக்கம் கூட்டிக்கொண்டு போகட்டும், உங்களில் ஒருவர் கூடப் போங்கள், தண்டவாளம் தாண்டும்போது தூக்கிக்கொள்ளுங்கள். மணலில் இறக்கிவிட்டால் முன்னங்காலால் தோண்டத் தொடங்கும், தலை உள்ளே போய் வால் மட்டும் வெளியே ஆடும். மகனை அப்போது பக்கத்தில் விடுங்கள், இரண்டும் ஒன்றாகத் தோண்டட்டும்.

சிநேகிதர் விமானம் ஏறுவதற்கு முன் இரண்டு சனி ஞாயிறாவது கோக்கோவை உங்கள் வீட்டில் வைத்துப் பாருங்கள். தடுப்பூசி அட்டையையும், பார்த்த மிருக வைத்தியரின் பெயரையும், என்ன சாப்பாடு எத்தனை நேரம் என்பதையும் எழுதி வாங்குங்கள். அது படுக்கிற பழைய துணியையும் கேட்டு வாங்குங்கள். துவைக்க வேண்டாம், அப்படியே கொண்டு வந்து மாமியின் கதிரைக்குப் பக்கத்தில் விரித்துவிடுங்கள்.