உதகைக் குளிரில் பவளத் தொட்டி: குறை நீரிலா, அறைக் காற்றிலா?

கேள்வி: உதகையில் வசிக்கிறேன். 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை இரண்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருகிறேன். சோவாந்திட் (பொத்தான் போன்ற சிறு பவள வகை), காளான் பவளம், தோல் பவளம் மூன்றும் நன்றாகவே வளர்ந்தன. டிசம்பர் பிறந்ததிலிருந்து சோவாந்திட்கள் முற்பகல் வரை விரிவதில்லை. தோல் பவளத்தின் மேல் பத்து நாட்களாக மெழுகு போன்ற படலம் படிந்திருக்கிறது. காலை 6 மணிக்கு பி.எச். 7.7, மாலையில் 7.95. பி.எச். உயர்த்தும் பொடியை நாள்தோறும் போட்டும் அது ஏறவில்லை, காரத்தன்மைதான் 11.5 டி.கே.எச். (அதை அளக்கும் அலகு) வரை போய்விட்டது. 200 வாட் ஹீட்டர் ஒன்று இருக்கிறது. பொடியை இன்னும் எவ்வளவு கூட்டலாம்? அடுத்த மாதம் அக்ரோபோரா சேர்க்கலாமா?

பதில்: பொடியை இன்றே நிறுத்திவிடுங்கள். நீங்கள் அனுப்பிய எண்களைப் பார்த்தால், குறை இரவு நேரத்தில் உங்கள் அறைக்குள் உண்டாகிறது என்றே நினைக்கிறேன். அதைப் பொடியால் சரிசெய்ய முடியாது.

கடல்நீரின் பி.எச். இரண்டு பொருள்களைப் பொறுத்தது: ஒன்று காரத்தன்மை, அதாவது அமிலத்தை ஈடுகட்டும் திறன்; மற்றது நீரில் கரைந்து அமிலமாகும் கரியமில வாயு. காரத்தன்மை 11.5 இருந்தும் பி.எச். 7.7 என்றால், நீரில் கரியமில வாயு மிகுந்திருக்கிறது என்பதைத் தவிர வேறு விளக்கம் இல்லை. இதில் மலைவாசிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள உதகையில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். ஆகவே வெளிக்காற்றிலிருந்து நீரில் கரையும் கரியமில வாயுவும் அதே அளவுக்குக் குறைவு. வெளிக்காற்று மட்டும் பட்டால் உங்கள் தொட்டியின் பி.எச். சென்னையில் உள்ள தொட்டியைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும். அப்படி இல்லாததற்குக் காரணம், குளிருக்கு அஞ்சி இரவு முழுவதும் சாத்தி வைக்கப்படும் சன்னல்கள்தாம். மூடிய அறையில் நால்வர் உறங்கினால், அதுவும் பக்கத்துச் சமையலறையில் எரிவாயு அடுப்பு எரிந்துகொண்டிருந்தால், காற்றில் கரியமில வாயு வெளியில் இருப்பதைப்போல மூன்று நான்கு மடங்கு ஆகிவிடும். ஸ்கிம்மர் என்னும் கழிவுநீக்கும் கருவி அந்தக் காற்றைத்தான் இழுத்து, நுண்குமிழிகளாக்கி, நீரோடு கலக்கிறது. (அறைக்குள் கரி அடுப்பு மூட்டும் வழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள், அது பவளத்தைக் காட்டிலும் முதலில் மனிதருக்கே ஆபத்து.)

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு கண்ணாடித் தம்ளரும் சிறிய காற்றுப் பம்பும் இருந்தால் நீங்களே சோதித்துவிடலாம். விடியற்காலையில் தொட்டி நீரைத் தம்ளரில் எடுத்து பி.எச். பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். பம்பைச் சன்னலுக்கு வெளியே வைத்து, குழாயை உள்ளே கொண்டுவந்து, ஒரு மணி நேரம் அந்த நீரில் குமிழி விடுங்கள். தம்ளரை மேசை மேல் வைக்காமல், கீழ்த்தொட்டியாகிய சம்ப்பில் கழுத்தளவு மூழ்கும்படி நிறுத்தி வையுங்கள். நீர் 25 டிகிரியிலிருந்து 12 டிகிரிக்குக் குளிர்ந்தால் அந்தக் குளிர்ச்சியே பி.எச். எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டி உங்களை ஏமாற்றிவிடும். ஒரு மணி நேரத்தில் பி.எச். 0.1-க்கு மேல் ஏறினால் நீரில் கரியமில வாயு மிகை என்பது உறுதி. பிறகு பம்பை அறைக்குள் வைத்து, தொட்டியிலிருந்து புதிதாக எடுத்த நீரில் இதையே செய்யுங்கள். இம்முறை ஏறாவிட்டால் காரணம் அறைக் காற்றுதான்.

தீர்வு எளிது. ஸ்கிம்மர் காற்றை உறிஞ்சும் குழாயைச் சன்னல் சட்டம் வழியாக வெளியே கொண்டு செல்லுங்கள். நீளம் இரண்டு மூன்று மீட்டருக்கு மேல் போனால் மெல்லிய குழாயில் காற்று இழுபடாது. சற்றுப் பருமனான குழாயாக வாங்குங்கள். அதன் வாய் கீழ்நோக்கி இருக்கட்டும், பூச்சி நுழையாமல் ஒரு வலைத்துணி கட்டுங்கள். உங்கள் வீட்டை அடுத்து கேரட், உருளைக்கிழங்குத் தோட்டங்கள் இருந்தால், மருந்து அடிக்கும் நாளில் குழாயை அறைக்குள் இழுத்துக்கொள்ள மறந்துவிடாதீர்கள். பூச்சிக்கொல்லி இறாலையும் நண்டையும் முதலில் கொல்லும். இதோடு, சம்ப்பின் ஓர் அறையில் கீட்டோமார்ஃபா பாசியை வளர்த்து, தொட்டி விளக்கு அணைந்த பின் அதற்கு மட்டும் விளக்கு எரியவிட்டால், இரவில் உயிர்கள் வெளிவிடும் கரியமில வாயுவில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்ளும். சுண்ணாம்பு நீர் சொட்டவிடச் சொல்பவர்களும் உண்டு. நல்ல முறைதான், ஆனால் அது காரத்தன்மையையும் ஏற்றும் என்பதால் உங்கள் தொட்டிக்கு இப்போது வேண்டாம்.

ஏறிவிட்ட 11.5-ஐ அவசரப்பட்டு இறக்க வேண்டியதில்லை; மென்பவளங்களுக்கு அந்த எண்ணைவிட அது நாளுக்கு நாள் ஏறி இறங்குவதுதான் கேடு. 8 டி.கே.எச். தரும் உப்பைக் கரைத்த நீரை வாரம் 20 லிட்டர் மாற்றினால், முதல் முறை சுமார் 0.35 குறையும், பிறகு ஒவ்வொரு முறையும் அதைவிடச் சற்றுக் குறைவாக இறங்கும். இரண்டு மூன்று மாதங்களில் 9-ஐ ஒட்டி வந்துவிடும், அது போதும். மாற்றும் நீரை 25 டிகிரிக்குச் சூடாக்கிய பிறகே ஊற்றுங்கள். 12 டிகிரியில் உள்ள 20 லிட்டரை அப்படியே ஊற்றினால் தொட்டி முழுவதும் ஒன்றேகால் டிகிரிக்கு மேல் குளிர்ந்துவிடும்.

இரண்டாவது குறை வெப்பம். ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல், தனி வெப்பமானியை அதிகாலை 5 மணிக்குப் பாருங்கள். நாலு புறமும் கண்ணாடி, மேலே திறப்பு, அறையில் 11 டிகிரி என்றால், 200 லிட்டர் தொட்டியை 25.5 டிகிரியில் வைக்க என் கணக்குப்படி 250 முதல் 300 வாட் வரை தேவைப்படும். உங்கள் ஹீட்டர் இரவு முழுவதும் அணையாமல் எரிந்தும் தோற்றுக்கொண்டிருக்கிறது. விடியலில் நீர் 22 டிகிரிக்கு இறங்கியிருந்தாலும் வியப்பில்லை. சமவெளியில் லிட்டருக்கு ஒரு வாட் போதும், மலையில் இரண்டு வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் 400 வாட்டில் ஒரே ஹீட்டர் வாங்காதீர்கள். 200 வாட்டில் இரண்டு வாங்கி, வெளியிலிருந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் ஒன்றில் இணையுங்கள். ஒன்று பழுதானால் மற்றது தாங்கும், ஒன்று அணையாமல் ஒட்டிக்கொண்டாலும் தொட்டி வெந்துபோகாது. பின்புறத்திலும் பக்கவாட்டிலும் அடியிலும் ஓர் அங்குலத் தெர்மகோல் ஒட்டினால் மின்கட்டணமும் குறையும்.

தென்மேற்குப் பருவமழையில் மரம் விழுந்து மின்சாரம் நின்றுபோவது உங்களுக்குப் பழகியதுதான். அப்போது ஹீட்டரை இன்வெர்ட்டரில் ஓட்ட முயல வேண்டாம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியை 400 வாட் ஹீட்டர் மூன்று நான்கு மணி நேரத்தில் வற்றவைத்துவிடும். அதே பேட்டரி 15 வாட் சுழற்சிப் பம்பை ஒரு நாளுக்கு மேல் ஓட்டும். இந்த உயரத்தில் நீரில் கரையும் ஆக்சிஜனும் முக்கால் பங்குதான் என்பதால், நீர் அசையாமல் நின்றுவிடுவதே முதல் ஆபத்து. குளிர் மெதுவாக வரும்: இப்போதைய நிலையில் மணிக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி, தெர்மகோலும் கம்பளியும் போர்த்தினால் அதில் பாதி. வெந்நீர் நிரப்பி இறுக மூடிய பாட்டில்களைச் சம்ப்பில் மிதக்கவிட்டால் இன்னும் சில மணி நேரம் கிடைக்கும்.

ஜனவரி, பிப்ரவரியில் காற்று வறண்டிருக்கும். சூடான நீர் வேகமாக ஆவியாகும். நாள்தோறும் 3 லிட்டர் குறைந்து, மூன்று நாள் கழித்து ஈடுசெய்தால், உப்பளவு ஆயிரத்துக்கு 35-லிருந்து 36.6 வரை ஏறி இறங்கும். இதற்குத் தானியங்கி நீர்நிரப்பி வையுங்கள், நன்னீர் மட்டும் ஊற்றுங்கள். உங்கள் ஊர்க் குழாய்நீர் மென்மையானது என்பதற்காக ஆர்.ஓ. வேண்டாம் என்று எண்ணிவிடாதீர்கள். குளோரினும் குழாயிலிருந்து கரையும் உலோகங்களும் நீரில் கரைந்த திடப்பொருள்களைக் காட்டும் டி.டி.எஸ். எண்ணில் பெரிதாகத் தெரியமாட்டா. 12 டிகிரி நீரில் ஆர்.ஓ. கருவி அட்டையில் போட்டிருக்கும் அளவில் ஏறத்தாழ அறுபது விழுக்காடுதான் தரும், அது பழுதன்று.

தோல் பவளத்தின் படலம் அதன் இயல்பான உரிப்பு. சுரண்டாதீர்கள், பம்பின் நீரோட்டம் அதன் மேல் படும்படி திருப்பி வைத்து, உரியும்போது கசியும் பொருள்களை உறிஞ்சச் செயலூட்டிய கரி போடுங்கள். சோவாந்திட் ஒட்டியுள்ள கல்லைத் தூய்மை செய்கிறேன் என்று வெந்நீர் ஊற்றவோ கொதிக்கவைக்கவோ கூடாது: சில வகைகளில் உள்ள பாலிடாக்சின் நஞ்சு ஆவியோடு கலந்து வீட்டிலுள்ளோர் அனைவரையும் மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். கையுறையும் கண்ணாடியும் அணிந்தே தொடுங்கள்.

அக்ரோபோரா பற்றி: அது கடினப் பவளம். கடினப் பவளங்கள் அனைத்தும், கருப்புப் பவளம், தீப்பவளம், கடல் விசிறி ஆகியவற்றோடு, 2001 முதல் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளன. மன்னார் வளைகுடாவில் எடுத்ததை விற்பவர் யாராக இருந்தாலும், வாங்குபவரும் குற்றத்தில் பங்காளி. வெளிநாட்டிலிருந்து வந்தது என்று சொன்னால், இறக்குமதி அனுமதி ஆவணத்தைக் கண்ணால் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். ஆவணம் இருந்தாலும் இந்தக் குளிர்காலத்தில் வேண்டாம். காலை ஐந்து மணி வெப்பநிலையும் பி.எச்.சும் அடுத்த மார்ச் வரை நிலையாக நின்றதற்கான குறிப்பேடு கையில் இருக்கும்போது மீண்டும் எழுதுங்கள்.